வேலூரில் மாரத்தான் ஓட வருகிறீர்களா? பிரியாணியைக் கடைசியில் வையுங்கள்

எனக்குச் சொந்த ஊர் சத்துவாச்சாரி, வேலை சென்னையில். ஊரில் ஓட்டப்பந்தயம் என்று அறிவிப்பு வந்தால் அலுவலகத்தில் நாலைந்து பேர் என் மேசைக்கு வந்துவிடுவார்கள். "ஓடவும் செய்யணும், ஊரையும் பார்க்கணும், ஆம்பூர் பிரியாணியும் சாப்பிடணும், எப்படி?" எல்லாம் நடக்கும். ஆனால் வரிசை தப்பக் கூடாது. வரிசை தப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். இது முதல் முறை 10 கிலோமீட்டரோ அரை மாரத்தானோ ஓட வருகிறவர்களுக்கு. முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை.

படி 1: சனிக்கிழமை மதியத்துக்குள் வந்து சேருங்கள்

ரயிலில் வந்தால் காட்பாடியில் இறங்க வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வர டவுன் பஸ் நிறைய உண்டு. பாலத்தில் ஜன்னல் வழியாகப் பாருங்கள்; பெரும்பாலும் மணல்தான் தெரியும். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்யும் பேச்சு சும்மா வரவில்லை.

இறங்கியதும் முதல் வேலை பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, வாங்குவது. எண், டைமிங் சிப், நாலு சேஃப்டி பின் எல்லாம் பையில் இருக்கிறதா என்று அங்கேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

படி 2: அறை

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுகள் ஏராளம், வாடகையும் கட்டுப்படியாகும். கோட்டையும் பழைய பேருந்து நிலையமும் நடக்கிற தூரம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். பக்கத்து அறையில் இருப்பவர் வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ சிகிச்சைக்கு வந்த நோயாளியாக இருப்பார். விடிகாலை 3:30 மணி அலாரம், வராந்தாவில் வார்ம்-அப், "மச்சி, எழுந்துட்டியா" என்ற கூச்சல் எதுவும் வேண்டாம். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மாலையில் கோட்டை, கோட்டை மட்டும்

வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு மேல் போங்கள். தரை சமமாக இருக்கும், ஏற்றம் கிடையாது, காலுக்கு நோகாது. அதனால்தான் ஓட்டத்துக்கு முந்தைய நாளுக்கு இதை வைத்தேன். வள்ளிமலை, ரத்தினகிரி என்று படிக்கட்டு உள்ள எந்த இடமும் சனிக்கிழமை கூடவே கூடாது.

பதினாறாம் நூற்றாண்டில், விஜயநகரக் காலத்தில் எழுந்த கருங்கல் கோட்டை. சுற்றிலும் அகழி. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. கோயிலுக்குள் நுழைந்ததும் நேராகச் சன்னிதிக்கு ஓடாமல் இடது கைப் பக்கம் கல்யாண மண்டபத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள். தூணுக்குத் தூண் யாளி, பாயும் குதிரை. படையெடுப்புக் காலத்திலிருந்து நெடுங்காலம் இங்கே மூலவர் கிடையாது. எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981ல் கொண்டுவந்து வைத்தார்கள். ஆகவே 'சாமி இல்லாத கோயில்' என்ற கிண்டல் மட்டும் இப்போது செல்லாது.

ராஜா கதையும் உண்டு. இலங்கையில் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர்கள் பிடித்து இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். 1832ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்று அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

ஓடுகிறவர்களுக்குப் பிடித்த கதை வேறு. 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டையின் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயர்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குக் கட்டுப்பாடு என்று வந்த உத்தரவுகள்மீது கோபம். செய்தி ஆற்காட்டுக்குப் போக, ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையுடன் கிளம்பி அன்று காலையிலேயே வந்து எழுச்சியை அடக்கிவிட்டார். ஆற்காட்டிலிருந்து இங்கே சுமார் 25 கிலோமீட்டர், அரை மாரத்தானைவிடக் கூடுதல். குதிரையில் வந்தார், அது கணக்கில் சேராது. மக்கான் சந்திப்பில் அந்தச் சிப்பாய்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. அறைக்குத் திரும்பும்போது பார்க்கலாம்.

படி 4: சனி இரவு இட்லி

இப்போது என் கதை. முதல் அரை மாரத்தானுக்கு முந்தைய இரவு, நண்பர்களோடு சேர்ந்து ஒரு கடையில் மட்டன் பிரியாணி, மேலே சிக்கன் 65. "சோறுதானே, கார்போ லோடிங்" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். பதினாலாவது கிலோமீட்டரில் எனக்குத் தேவைப்பட்டது தண்ணீர் அல்ல, கழிப்பறை. கடைமேல் தப்பே கிடையாது, பிரியாணி அருமை. நெய்யும் கறியும் காரமும் செரிக்க நேரம் பிடிக்கும். ஓடும்போது ரத்தம் காலுக்குப் போய்விடும், வயிற்றுக்குக் குறைவாகவே கிடைக்கும்.

மாவுச்சத்தை மதியச் சாப்பாட்டிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்: சோறு, பருப்பு, ரசம். இரவு ஏழரைக்குள் இட்லியோ தயிர்சாதமோ. போன தடவை இட்லிக் கடை அண்ணன் பிப்பைப் பார்த்துவிட்டு, "தம்பி, நாளைக்கு ஓடப் போறியா? அப்ப இன்னும் ரெண்டு வெச்சுக்கோ" என்று தட்டில் போட்டார். எந்தப் பயிற்சியாளரும் அதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. காரச் சட்னியை மட்டும் தொடாதீர்கள். ஒன்பதரைக்குப் படுக்கை. தூக்கம் வராது, பரவாயில்லை, படுத்திருங்கள்.

படி 5: ஓட்டம்

தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம், இரண்டு துண்டு பிரெட். பழகாத எனர்ஜி ஜெல், புது ஷூ இரண்டும் வேண்டாம். வேலூர் வெயில் உங்களுக்காகக் காத்திருக்காது. சூரியன் ஏறிவிட்டால் மலையும் ரோடும் சேர்ந்து சுடும். முதல் பாதியை மெதுவாக ஓடினாலும் தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு குடித்துவிடுங்கள். முடிந்ததும் சட்டென்று உட்காராமல் பத்து நிமிஷம் நடங்கள். அப்புறம் ஓ.ஆர்.எஸ்., அப்புறம் பொங்கல் வடை.

படி 6: இப்போது பிரியாணி

எந்தப் பக்கம் ஊர் திரும்புகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பெங்களூர்க்காரர்களுக்கு யோசனையே வேண்டாம், வழியிலேயே சுமார் 50 கிலோமீட்டரில் ஆம்பூர். நீளமான பாஸ்மதி கிடையாது, பொடி மணியாகச் சீரகச் சம்பா. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தயிர், கறி. விறகடுப்பில் வெந்த பிறகு மூடிமேல் தணல் போட்டு தம். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்க் கூட்டு. அதைத் தள்ளி வைக்காதீர்கள், பாதி ருசி அதில்தான். கத்தரிக்காய் எங்கள் வட்டாரத்துப் பெருமை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்தது.

சென்னைக்காரர்கள் பிரியாணியை வேலூரிலேயே முடித்துக்கொண்டு ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்குங்கள். பார்க்க குலாப் ஜாமுன் மாதிரிதான் இருக்கும். கோவா மாவுக்குள் பருப்பு வகைகளை வைத்துப் பொரித்துப் பாகில் ஊறவைப்பார்கள். வாயில் போட்டால் கரண்டி தேவையா என்று தோன்றும், அவ்வளவு மெத்தென்று இருக்கும்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், வரிசையில் நிற்பது தனி. ஓட்டத்துக்கு முன் கால் வீணாகும், ஓட்டத்துக்குப் பின் கால் ஒத்துழைக்காது. போதாததற்குக் கறி சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்கு வரமாட்டேன் என்கிறவர் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். திங்களும் விடுப்பு என்றால் காலையில் போங்கள். ஓடின அரை டிரவுசரோடு போகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள்.

கடைசியாக, பேடா டப்பாவை மெடல் இருக்கும் பையில் வைக்காதீர்கள். என் மெடல் நாடா இன்னும் பிசுபிசுவென்றுதான் இருக்கிறது.