வேட்டைச் சமூகங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'வேட்டைக்காரர்களுடன் ஒரு நாள்' மாதிரியான வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பலவற்றில் நரிக்குறவரும் இருளரும் ஒரே ஆட்கள். மலையில் இருப்பவர் என்றாலே வேட்டைக்காரர்.

நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, குஜராத்தியோடு உறவுள்ள மொழி. சினிமா கற்றுக்கொடுத்த 'சாமியோவ்' அல்ல. நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியுமாக ஊர் ஊராகப் போய் நரி, காடை, கவுதாரி பிடித்தவர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு ஒடுங்கி, பாசிமணியே முழுநேரத் தொழிலானது.

இருளர் கதை வேறு. அவர்களுக்குள்ளேயும் ஊருக்கு ஊர் மாறும். கோவை, நீலகிரிப் பக்கம் சாமை, ராகி விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள். செங்கல்பட்டு, திருவள்ளூர் சமவெளியில் எலியும் பாம்பும்தான். எலி பிடிப்பதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். வரப்பில் வளையைக் கண்டுபிடித்து, தப்பிக்கிற வாய்களையெல்லாம் மண்ணால் அடைத்துவிடுவார்கள். அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, பானை வாயை வளையில் பொருத்தி, ஓட்டை வழியாக ஊதுவார்கள். ஊதுகிறவருக்கு உதடு சுடும், நெஞ்சுக்குள் புகை போகும். உள்ளே எலி மயங்கியதும் தோண்டினால், அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். விவசாயிக்கு எலித்தொல்லை குறையும். இவ்வளவையும் 'எலிக்கறி தின்பவர்கள்' என்று ஒரு தம்ப்நெயிலில் அடக்குவது சோம்பேறித்தனம்.

இவர்களைப் பாம்பாட்டி என்பதும் தப்பு. மகுடி ஊதி வித்தை காட்டுகிறவர்கள் அல்ல, தடம் பார்த்துப் பிடிப்பவர்கள். பாம்புத்தோல் வியாபாரம் நின்றபின் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கிறது. அரசு அனுமதியோடு பிடிக்கிறார்கள், பாம்புகளைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். மலைப்பாம்பு பிடிக்க 2017-ல் புளோரிடாவுக்கே அழைக்கப்பட்ட மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மலை என்றதும் வேட்டையை நினைக்கிறவர்கள் நீலகிரித் தோடரைப் பார்க்கட்டும். எருமை வளர்ப்பவர்கள், மரபாகவே சைவ உணவுக்காரர்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. தென்மாவட்டக் கிராமங்களில் நாய்களோடு முயல் வேட்டைக்குப் போனவர்கள் பெரும்பாலும் நிலத்தோடு வாழ்கிற விவசாயிகள். ஓடித் துரத்த சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள். காட்டுப்பன்றியை மடக்க கோம்பை. அந்த வேட்டைக்கு 'வீரம்', 'பாரம்பரியம்' என்று பெயர். நரிக்குறவர் கையில் இரண்டு காடை இருந்தால் மட்டும் அவர் திருடன். எழுதும்போது இந்த இரட்டை அளவுகோல் எங்கே நுழைகிறது என்று கவனியுங்கள்.

சட்டம் பாரம்பரியம் பார்ப்பதில்லை. 'பிடித்தோம், விட்டுவிட்டோம்' என்பதும் செல்லாது. கண்ணி வைப்பதும் துரத்துவதும், ஏன், முயற்சி செய்வதுமே சட்டப்படி வேட்டைதான். 'சாமியே வேட்டைக்குப் போகிறாரே' என்பார்கள். போகிறார்தான். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டை போகிறார். வேட்டைக்குப் போவதுபோல நடத்தும் கோயில் விழா அது. ஒரு முயலும் சாவதில்லை.

பழைய கட்டுரைகளை நம்பி எழுதினால் இன்னொரு பிழை வரும்: நரிக்குறவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தது பழைய கதை. 2023 ஜனவரியில் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்துவிட்டார்கள்.

படமெடுக்கிறவர்களுக்கு ஒன்று. பிடிபட்ட முயலோடு ஒருவர் முகத்தைக் காட்டினால் வியூஸ் உங்களுக்கு, வழக்கு அவருக்கு. அந்தக் காட்சியை எடுக்கவே எடுக்காதீர்கள்.