அவசர மருத்துவ ரெசிடென்சி: எத்தனை இடங்களுக்கு விண்ணப்பம் போடலாம்?

அமெரிக்காவில் அவசர மருத்துவ ரெசிடென்சிக்கு (மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) முயல்பவர்கள், 2023 மேட்ச்சில் (விண்ணப்பதாரர்களைப் பயிற்சி இடங்களோடு இணைக்கும் ஆண்டுத் தேர்வு முறை) 554 இடங்கள் காலியாகக் கிடந்ததை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம். மறு வருடமே அது 135 ஆகச் சுருங்கிவிட்டது.

நண்பர் எத்தனை போட்டார் என்று பார்க்காமல், பத்துப் பன்னிரண்டு நேர்காணல் கிடைக்க உங்களுக்கு எத்தனை தேவைப்படும் என்று கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் போனால் வாய்ப்பு பெரிதாக ஏறுவதில்லை, செலவுதான் ஏறும். அவசரப் பிரிவு ரொட்டேஷனில் வாங்கும் 'ஸ்லோ' (SLOE) என்ற மதிப்பீட்டுக் கடிதம் பலமாக இருந்தால் பட்டியலைக் குறைக்கலாம். மருத்துவ உரிமத் தேர்வில் ஒருமுறை தவறியவர்களும் துணையோடு சேர்ந்து மேட்ச் ஆக நினைப்பவர்களும் தாராளமாகவே போடுங்கள்.

இந்தியாவில் எம்பிபிஎஸ் முடித்தவரா? விசா தராத இடங்களை முதலில் அடித்துவிடுங்கள். அப்புறம், வாழவே மனமில்லாத ஊர் எதற்கு? ரேங்க் லிஸ்ட்டில் (நீங்கள் தரும் விருப்ப வரிசைப் பட்டியல்) போட்டு மேட்ச் ஆகிவிட்டால் போயே ஆகவேண்டும்.