அடிபட்ட கோழிக்குஞ்சு: மருந்துக்கு முன்னாடி சூடு குடுங்க

வீட்டுல நாலு நாட்டுக்கோழி வளர்த்தா இது ஒரு நாள் வந்தே தீரும். காக்கா தூக்கிட்டுப் போய் பாதியில போட்டிருக்கும், பூனை கவ்வியிருக்கும், இல்லன்னா குஞ்சோட மேயுற இன்னொரு தாய்க்கோழி மண்டையிலயே கொத்திப் போட்டிருக்கும் (புதுசா வளர்க்கிறவங்க இதை நம்ப மாட்டாங்க). உடனே வீட்ல எல்லாரும் மஞ்சத்தூள் டப்பாவைத் தேடி ஓடுவாங்க. கொஞ்சம் பொறுங்க.

1. தனியா எடுங்க

முதல்ல தாய்க்கோழியைப் பஞ்சாரம் போட்டு மூடிடுங்க, இல்லன்னா மூஞ்சிலயே பாயும். ரத்தத்தைப் பார்த்தா கூடப் பொறந்த குஞ்சே கொத்தும், அதனால அடிபட்டது அங்க இருக்கவே கூடாது. ரத்தம் வழிஞ்சா சுத்தமான துணியை வச்சு லேசா அமுக்குங்க. ஆனா நெஞ்சை இறுக்கிப் பிடிக்காதீங்க, நெஞ்சு மேல கீழ அசைஞ்சாத்தான் கோழிக்கு மூச்சே.

2. சூடு

இதுதான் முக்கியம். கோழியோட உடம்புச் சூடு நம்மளை விட ஜாஸ்தி, 40 டிகிரி பக்கம். அப்போ குஞ்சைக் கையில எடுத்தா கதகதன்னு இருக்கணும். காலும் வயிறும் ஜில்லுன்னு இருந்தா காயத்தை விட அந்தக் குளிரே முதல்ல கொன்னுடும். ஒரு அட்டைப்பெட்டி, அடியில பழைய காட்டன் துணி (நியூஸ்பேப்பர் மட்டும் போட்டா வழுக்கி கால் விரிஞ்சுடும்), ஒரு மூலையில மட்டும் 60 வாட்ஸ் குண்டு பல்பு. எல்இடி பல்பு வேலைக்கு ஆகாது, வெளிச்சம் வரும் சூடு வராது. முதல் வாரக் குஞ்சுக்கு பல்புக்குக் கீழ 35 டிகிரி வேணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைச்சுக்கலாம். இன்னொரு மூலை குளுமையா இருக்கட்டும், சூடு ஜாஸ்தியானா வாயைத் தொறந்து மூச்சு வாங்கிக்கிட்டே அதுவா அங்க நகரும், நகர முடியாத குஞ்சுன்னா நீங்கதான் அடிக்கடி பார்க்கணும். கரண்ட் போச்சுன்னா பாட்டில்ல வெந்நீர் ஊத்தி துணி சுத்தி பக்கத்துல வைங்க.

3. எவ்ளோ அடின்னு பாருங்க

சூடு ஏறி, தலை தூக்கினதும் முடியை விலக்கிப் பாருங்க. தோல் மட்டும் கிழிஞ்சிருந்தா பயப்பட வேணாம், மண்டைத்தோல் உரிஞ்ச குஞ்சு கூட தேறி வரும். குடல் வெளிய வந்திருந்தாலோ, கழுத்துக்குக் கீழ தீனிப்பை கிழிஞ்சு தின்னது வெளிய வந்தாலோ, தோலுக்கடியில காத்து உப்பிக்கிட்டே போனாலோ வீட்டு வைத்தியம் வேணாம், கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்க. தமிழ்நாட்டுல 1962க்கு போன் பண்ணியும் கேக்கலாம். பூனை கடிச்சதுன்னா ஓட்டை சின்னதா இருந்தாலும் டாக்டர்தான், பூனைப் பல்லுல இருக்கிற கிருமி உள்ள போனா சீக்கிரமே சீழ் வச்சு ஆளை முடிச்சிடும். பொழைக்காதுன்னு டாக்டர் சொன்னா வலியில்லாம முடிச்சு வைக்கச் சொல்றதுதான் நியாயம். பெட்டியில போட்டு மூணு நாள் துடிக்க விடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

4. கழுவுறது

1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில ஒன்றரை டீஸ்பூன் உப்பு. வெதுவெதுப்பா இருக்கும்போது ஊசியில்லாத சிரிஞ்சுல அடிச்சு மண்ணு, முடியெல்லாம் போக்குங்க. அப்புறம் பீட்டாடினைத் தண்ணி கலந்து வெளிர் டீ கலருக்குக் கொண்டு வந்து தொட்டு வைங்க. வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதையும் மேல ஊத்தாதீங்க, எண்ணெய்ல நனைஞ்ச மெத்துமுடி சூட்டைப் பிடிக்காது, நீங்க ஏத்தின சூடெல்லாம் வீண். ஈ உக்காராம பெட்டி மேல கொசுவலைத் துணி கட்டுங்க. அப்படியும் புழு வச்சிட்டா சாமணத்துல ஒண்ணொண்ணா எடுத்துட்டு திரும்பக் கழுவணும். மாட்டுப் புண்ணுக்குப் போடுற மாதிரி அந்துருண்டைப் பொடி, மண்ணெண்ணெய் எல்லாம் குஞ்சுக்கு விஷம். மனுஷங்களோட வலி மாத்திரையை நுணுக்கிக் குடுக்கிற வேலையும் வேணாம்.

5. தண்ணி, தீனி

பொறிச்சு 3 நாளுக்குள்ளன்னா வயித்துக்குள்ள மஞ்சக்கரு மிச்சம் இருக்கும், திங்கலன்னு பதற வேணாம். வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் சர்க்கரை கலந்து அலகோட ஓரத்துல சொட்டு சொட்டா வைங்க, அதுவா முழுங்கணும். வாயைத் தொறந்து ஊத்துனா நாக்குக்குப் பின்னாடியே இருக்கிற மூச்சுக்குழாய்க்குள்ள போய் செத்துடும். தெம்பு வந்ததும் அவிச்ச முட்டை மஞ்சக்கருவை உதிர்த்துப் போடுங்க, அடுத்து நொய், கம்பு.

கால் தொங்குதுன்னா ஐஸ் குச்சியை வெட்டி, பஞ்சு வச்சு, பேப்பர் டேப்ல சுத்துங்க. விரல் வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே தளர்த்துங்க. குஞ்சு எலும்பு ரெண்டு மூணு வாரத்துல கூடிடும்.

6. திரும்பச் சேர்க்கிறது

தனியா கெடந்தா கத்திக் கத்தியே சோர்ந்துடும், அதனால பெட்டிக்கு நடுவுல கம்பி வலை வச்சு அந்தப் பக்கம் கூடப் பொறந்தது ஒண்ணை விடுங்க. ஓரிரு நாள்ல தேறிட்டா, இருட்டினதும் தாய்க்கோழி றெக்கைக்கடியில தள்ளி விடுங்க, காலையில விடியும்போது பக்கத்துலயே நின்னு பாருங்க, கொத்துச்சுன்னா உடனே எடுத்துடணும். ஒரு வாரத்துக்கு மேல ஆயிட்டா அம்மா அனேகமா சேர்க்காது, அந்த ரெண்டையும் சேர்த்து நீங்களே பெட்டியில வளர்த்துடுங்க. புண்ணு முழுசா மூடி சிவப்பு மறையிற வரைக்கும் கூட்டத்துல விட வேணாம்.