சிறையிலிருந்து வருபவரை உட்காரவைக்கும் அறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து வெளியே வருபவருக்கு வேலை, ஆதார், குடும்பம் என்று உதவ நினைப்பவர்கள் வாடகை குறைவாக ஓர் அறை கிடைத்ததும் மேசை நாற்காலி போட்டுத் திறந்துவிடுகிறார்கள். ஒரு தடவை வந்தவர் மறுபடி வராவிட்டால் அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரம் அவரை விரட்டியது அந்த அறைதான்.

தவறு பெயர்ப்பலகையிலேயே தொடங்குகிறது. 'விடுதலையான கைதிகள் மறுவாழ்வு மையம்' என்று முருகன்குறிச்சி மாதிரி நடமாட்டமுள்ள இடத்தில் எழுதி மாட்டினால், பஸ்ஸில் போகும் சொந்தக்காரர் ஒருவர் பார்த்தாலே ஊருக்குச் செய்தி போய்விடும். 'சட்ட உதவி, குடும்ப ஆலோசனை' என்பதே போதும். வருகைப் பதிவேட்டைத் திறந்து வைக்காதீர்கள். முந்தைய ஆளின் பெயரும் வழக்கு எண்ணும் அடுத்தவர் கண்ணில் படும்.

அடுத்தது கதவு. இரும்பு கிரில் கேட் 'டங்'கென்று சாத்தும் சத்தம், சிறையில் கைதிகளை உள்ளே வைத்துப் பூட்டும் லாக்கப் நேரத்து சத்தம். கேட் மோதும் சட்டத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள், அல்லது பகலில் திறந்தே வையுங்கள். உள்ளறைக் கதவுக்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாள் இருந்தால் கழற்றிவிடுங்கள். வருபவர் வாசலுக்கு முதுகு காட்டி உட்காரக் கூடாது. வாசல் அவர் கண்ணில் பட வேண்டும், அவருக்கும் வாசலுக்கும் நடுவில் யாரும் இருக்கக் கூடாது. அலுவலருக்குச் சுழல் நாற்காலி, வந்தவருக்கு ஸ்டூல் என்றால் அது காவல் நிலையம். ஒரே உயர நாற்காலிகளை மூன்று, நான்கு அடி இடைவெளியில் சற்றே சாய்த்துப் போடுங்கள்.

பினாயில் நெடி சிறையையும் ஆஸ்பத்திரியையும் நினைவுபடுத்தும். முந்தைய நாள் மாலையே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். சோக் இரைந்து மினுக்கும் பழைய டியூப்லைட்டை மாற்றுங்கள். கான்கிரீட் கூரையில் பேச்சு எதிரொலித்தால், துணித் திரையோடு சுவரில் இரண்டு பத்தமடைக் கோரைப் பாய்களைத் தொங்கவிட்டாலே ஓரளவு அடங்கும்.

நம் பக்கத்தில் இவற்றையெல்லாம் விடப் பெரிய தவறு ஒன்று உண்டு: சாதி அடையாளம். சுவரில் ஒரு தலைவர் படக் காலண்டர், கம்பத்தில் இரு நிறப் பட்டை, வாசலில் நிற்கும் பைக்கில் ஒரு ஸ்டிக்கர். உள்ளே வருபவர் நாற்காலியைத் தேடுவதற்கு முன் இது யார் இடம் என்பதைப் படித்துவிடுவார். 2023இல் நாங்குநேரியில் சாதிப் பகையில் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதையே தடை செய்யப் பரிந்துரைத்தது. பெரியவர்கள் அறைக்கும் அதே கவனம் வேண்டும். தேதி மட்டும் உள்ள காலண்டர் மாட்டுங்கள். ஊழியருக்கு எவர்சில்வர் டம்ளரும் வந்தவருக்குப் பேப்பர் கப்பும் கொடுக்காதீர்கள். கொடுப்பவருக்கு அது சுத்தம், வாங்குபவருக்கு இரட்டைக் குவளை. கருப்பட்டிக் காபியோ தண்ணீரோ, எல்லாருக்கும் ஒரே டம்ளர்தான்.

பாதிக்கப்பட்டவரும் தவறு செய்தவரும் நேரில் பேசும் நாளில் இன்னும் கவனம் தேவை. இருவரையும் ஒரே பெஞ்சில் காத்திருக்க வைத்துவிடுகிறார்கள். தனித்தனி அறை கொடுங்கள்; இல்லாவிட்டால் அரை மணி இடைவெளி விட்டு வரச்சொல்லுங்கள். யார் முதலில் வருவது, எங்கே உட்காருவது என்பதைப் பாதிக்கப்பட்டவரே தீர்மானிக்கட்டும். முடிந்ததும் இருவரும் ஒரே ஊர்ப் பஸ்ஸில் ஏற நேருமா என்பதையும் பாருங்கள். நேருமென்றால் ஒருவரை அடுத்த பஸ்ஸுக்கு நிறுத்துங்கள். பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்து அவர்கள் முன் தவறு செய்தவரை நிறுத்தினால் அது பஞ்சாயத்து. வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி அழுத்தினால் கட்டப்பஞ்சாயத்து. எந்தக் குற்றத்தில் சமரசம் செய்யலாம் என்பதற்குப் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359ஆம் பிரிவில் பட்டியல் உண்டு. வக்கீலிடம் கேட்டுவிட்டே அறையைத் திறங்கள்.

ஒரு மூலையில் பாய் விரித்து நாலு பொம்மை போடுங்கள். சிறைக்கு மனு போட்டுப் பார்க்கப் போனபோது தடுப்புக்கு அப்பால் அப்பாவைக் கண்ட பிள்ளை, மடியில் ஏற இடம் வேண்டும். ஐந்து மணிக்கே பூட்டிவிடாதீர்கள்: கூலி வேலை முடித்துவிட்டு வருபவர் ஆறரைக்குத்தான் வந்து சேருவார்.