நத்தாருக்கு நுரை வைன் ஜெலி: எங்கே பிழை விடுகிறோம்?

மார்கழி பிறந்தால் வன்னிக்கு மழை வரும், கூடவே வெளிநாட்டு உறவுகளும் வருவார்கள். சொக்லேற்றுக்கும் வாசனைச் சவர்க்காரத்துக்கும் நடுவே, துவாயில் சுற்றிய நுரை வைன் போத்தல் ஒன்றும் அவர்களுடைய பெட்டிக்குள் இருந்து வெளியே வரும். 750 மில்லிலீற்றர்தான். கிளாசில் ஊற்றினால் ஆறு பேரோடு முடிந்துவிடும். அதையே ஜெலியாக்கிச் சின்னக் கப்புகளில் உறையவைத்தால் 25 பேர் சுவைக்கலாம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வரும் பெரியவர்களுக்குக் கொடுக்க இதைவிட அழகான பண்டம் எனக்குத் தெரியாது. ஆனால் பல வீடுகளில் அது உறையாமலோ, இறப்பர் மாதிரியோ, நுரையே இல்லாமலோதான் மேசைக்கு வருகிறது. கைப்பக்குவத்தைக் குறை சொல்ல முடியாது. சூடு எதற்கு வேண்டும், குளிர் எதற்கு வேண்டும் என்பதை மாற்றிச் செய்வதால்தான் அப்படி ஆகிறது.

நான் முதன்முதல் செய்தது கிளிநொச்சியில், ஒரு நத்தாருக்கு முதல் நாள். பார்க்க வடிவாக இருக்கட்டும் என்று, அப்போதுதான் வெட்டிய அன்னாசியில் ஒவ்வொரு துண்டை ஒவ்வொரு கப்பிலும் போட்டேன். விடிய எழும்பிய பெரியம்மா பிரிஜைத் திறந்து ஒரு கப்பைச் சரித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது உறையேல்லை, தண்ணியாத்தான் கிடக்கு" என்றார். மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஆடை போல ஏதோ படிந்திருந்தது, கரண்டி பட்டதும் அதுவும் கரைந்தது. ஜெலற்றின் முழுக்கப் புரதம். அன்னாசியில் உள்ள புறொமெலெயின் என்ற நொதியம் புரதத்தைத் துண்டு துண்டாக அறுத்துவிடும். பப்பாசியில் இருக்கும் பப்பெயினும் அதைத்தான் செய்யும். முற்றின இறைச்சி மெத்தென்று வர நாம் பப்பாசிக்காய் போடுவதே அதற்காகத்தானே. பச்சை இஞ்சிச் சாறு, கிவிப்பழம் இரண்டும் இதே கூட்டம். இவை சேர்ந்த கலவைக்கு எவ்வளவு ஜெலற்றின் கொட்டினாலும் பயனில்லை. அன்னாசிதான் வேண்டும் என்றால் துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள், சூட்டில் நொதியம் செயலிழந்துவிடும். ரின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதைப் பயமில்லாமல் போடலாம். மாதுளை முத்தும் திராட்சையும் பச்சையாகவே போடலாம், ஆனால் கலவை பாதி உறைந்த பிறகு. தண்ணீராக இருக்கும்போது போட்டால் மாதுளை முத்து அடியில் போய்த் தங்கிவிடும்.

அடுத்தது அளவு. நிறமும் மணமும் சேர்த்த ஜெலிப் பக்கற்றை வைனோடு கலக்காதீர்கள். ஸ்ரோபெரி வாசம் வைனை விழுங்கிவிடும், உறைவும் போதாது. வாசமில்லாத ஜெலற்றின் தூளாக வாங்குங்கள். 7 கிராம் தூள் அரை லீற்றரைக் கரண்டியால் அள்ளுகிற மென்மைக்கு உறையவைக்கும். நமது வெக்கைக்கும், கப்பில் இருந்து பிதுக்கி வாயில் போடும் பண்டத்துக்கும் அது காணாது. இரட்டிப்பாக, ஒரு லீற்றருக்கு 28 கிராம் போடுகிறேன். அதற்கு மேல் போனால் மெல்ல வேண்டி வரும்.

என் கணக்கு இதுதான்: 750 மில்லி வைன், 100 மில்லி நெல்லிக் கிறஷ் (போத்தலில் வரும் இனிப்பு நெல்லிச் சாறு), 150 மில்லி தண்ணீர். வெளிநாட்டுச் செய்முறைகளில் வேறு பழச்சாறுகள் சொல்லப்பட்டிருக்கும். ஆனால் நம் நெல்லியின் புளிப்பும் துவர்ப்பும் இந்த வைனோடு சேருகிற மாதிரி நான் வேறொன்றையும் காணவில்லை. போத்தலில் 'புறூட்' என்று இருந்தால் அது இனிப்புக் குறைந்த வைன். 'எக்ஸ்ரா ட்றை' என்று போட்டிருப்பது அதைவிடச் சற்று இனிப்பானது, 'ட்றை' என்றால் இனிப்பில்லாதது என்று பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். குளிரில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும் என்பதால், இளஞ்சூட்டில் ருசி பார்க்கும்போது கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் குளிர்ந்த பிறகு சரியாக இருக்கும்.

ஜெலற்றின் தூளைச் சுடுதண்ணீரில் நேரே கொட்டுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. வெளிப்புறம் உடனே பசையாகி, உள்ளே உலர்ந்த தூள் அப்படியே கட்டியாக நிற்கும், பிறகு எவ்வளவு கிண்டினாலும் கரையாது. அகலமான கிண்ணத்தில் 150 மில்லி குளிர்ந்த தண்ணீரை எடுத்து, தூளை மழைத்தூறல் போல மேலே தூவி, 10 நிமிடம் கை படாமல் விடுங்கள். அது ஊறிப் பொங்கி, நனைந்த சவ்வரிசி மாதிரி வரும். பிறகு கிறஷைச் சூடாக்கி அதில் ஊற்றி, கிண்ணத்தைச் சுடுநீர்ச் சட்டியின் மேல் வைத்து மெல்லக் கிண்டுங்கள். கொதிக்க விடக்கூடாது, நீண்ட கொதிப்பு அதன் உறையும் பலத்தைக் குறைத்துவிடும். ஒரு துளியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். மணல் போல எதுவும் நெருடாவிட்டால் கரைந்துவிட்டது.

இனி வைன். அதை அடுப்புப் பக்கமே கொண்டு போக வேண்டாம். நுரை என்பது வைனுக்குள் அடைபட்ட கரியமில வாயு. குளிரில் அது உள்ளேயே இருக்கும், சூடும் குலுக்கலும் பட்டால் ஓடிவிடும். குண்டும் குழியுமான கிரவல் ஒழுங்கையால் குலுங்கி வந்த போத்தலை வந்த கையோடு திறந்தால் பாதி நுரை நிலத்துக்குத்தான். ஓர் இரவு பிரிஜுக்குள் நிமிர்த்தி வையுங்கள். அவசரப்பட்டு ஐஸ் போடும் தட்டில் வைத்து மறந்துவிட்டால் போத்தல் வெடிக்கும். உள்ளே இருக்கும் அழுத்தம், கார் ரயரில் உள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். திறக்கும்போதும் அதை மறக்கக்கூடாது: பெருவிரலால் தக்கையை அமத்தியபடி கம்பியைத் தளர்த்தி, போத்தலைச் சரித்துப் பிடித்து, தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள். 'உஸ்' என்ற சத்தத்தோடு கழன்றால் போதும். பிள்ளைகள் கூடி நிற்கும் விறாந்தையில் தக்கையைப் பறக்கவிடுவது கண்ணுக்கு ஆபத்து.

கலக்கும் இடத்தில்தான் உண்மையான பொறுமை வேண்டும். ஜெலற்றின் கரைத்த கிறஷ் பாகு கையில் சுடாமல், ஆனால் இளஞ்சூடு தெரிய இருக்க வேண்டும், ஏறக்குறைய 40 பாகை. அதுவே ஆறிப்போயிருந்தால், குளிர்ந்த வைன் பட்டதும் ஜெலற்றின் நூல் நூலாகத் திரிந்துவிடும். முதலில் ஓர் அகப்பை வைனைக் கிண்ணத்தின் ஓரத்தால் வழியவிட்டு, அகப்பையை அடியில் இருந்து மேலே ஒருமுறை புரட்டுங்கள். பிறகு இன்னோர் அகப்பை, அதன்பின் மீதி. முட்டை அடிப்பது போல அடிக்கவே கூடாது. 4 பாகையில் இருந்த முக்கால் லீற்றரும் 40 பாகையில் இருந்த கால் லீற்றரும் சேர்ந்தால் கலவை 13 பாகைக்கு வந்துவிடும், அந்தக் குளிரில் சில நிமிடங்களிலேயே உறையத் தொடங்கும். ஆகவே கப்புகளை முன்கூட்டியே தட்டில் அடுக்கி வையுங்கள். மூக்குள்ள யக்கில் எடுத்துக் கப்பைச் சற்றுச் சரித்து ஊற்றினால், உறைந்த பின்னும் குண்டூசித் தலை அளவு குமிழிகள் உள்ளே நிற்பதைக் காணலாம். நாக்கில் வைத்ததும் அவை கிறுகிறுக்கும், அதற்காகத்தான் இவ்வளவும்.

அப்படியும் நூல் திரிந்துவிட்டால் கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக் கரையுங்கள். கொஞ்சம் நுரை போகும், ஜெலி தப்பும்.

விருந்தில் மரக்கறிக்காரர் இருப்பார்கள் என்பதை மறப்பதும் ஒரு பிழைதான், எனக்கு அது பெரிய பிழை. ஜெலற்றின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. மார்கழியில் திருவெம்பாவைக்கு விரதம் பிடிக்கும் அயலவர்களும், ஹலால் பார்க்கும் நண்பர்களும் நம் வீட்டுக்கு நம்பி வருகிறார்கள். கேட்காமலே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குச் சைனா மொஸ் என்கிற கடற்பாசியில், வைன் இல்லாமல் தனியாகச் செய்யுங்கள். அது நன்றாகக் கொதித்தால்தான் கரையும், 35 முதல் 40 பாகையிலேயே உறைந்துவிடும், வெளியே வைத்தாலும் இளகாது. அதனாலேயே குளிர்ந்த வைனோடு சேராது, ஊற்றிய இடத்திலேயே கட்டிபடும். வலைப்பாட்டுக் கடலில் வளர்க்கும் பாசியைக் காட்டி "இதில் செய்யலாமா" என்று கேட்கிறார்கள். அது கராஜினன் என்ற வேறொரு உறைபொருள் எடுக்கும் வேறு இனம், சைனா மொஸ்ஸுக்குப் பதிலாகாது.

சின்னச் சின்னப் பிழைகளும் உண்டு. சுகமாகக் கழரட்டும் என்று கப்பில் தேங்காய் எண்ணெய் பூசினால், பிரிஜில் அது வெள்ளையாக உறைந்து ஜெலியில் ஒட்டும். மெல்லிய பிளாஸ்ரிக் கப்பைப் பிதுக்கினாலே போதும், எண்ணெயே வேண்டாம். சீக்கிரம் உறைய ஐஸ் தட்டில் வைத்தால் பனிக்கட்டி கட்டி, பிறகு தண்ணீர் விடும். சாதாரண தட்டில் நாலு மணித்தியாலமாவது இருக்கட்டும். மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் மூடாமல் வைத்தால் மீன் வாசம் ஏறும். "காரம் காணாது" என்று சாராயம் கலக்கும் ஆண்கள் எல்லாச் சபையிலும் உண்டு. சாராயம் கூடினால் உறைவு தளரும், அளவும் தெரியாமல் போகும்.

அளவு தெரியாமல் போவது சிறிய விசயமில்லை. 40 மில்லி கப் ஒன்றில் 30 மில்லி வைன் இருக்கிறது. மூன்று கப் சாப்பிட்டால் 90 மில்லி குடித்ததற்குச் சமம், மென்றாலும் விழுங்கினாலும் மது மதுதான். மோட்டார் சைக்கிளில் திரும்ப வேண்டியவருக்குக் கொடுக்காதீர்கள். இரவில் ஏ9 வீதியில் மாடு படுத்திருக்கும், உள்வீதிகளில் யானையும் வரும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைச் சட்டம் தடுக்கிறது, வீட்டிலும் நான் அதையே எல்லையாக வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் கண்ணுக்கு எல்லா ஜெலியும் ஒரே ஜெலி. அவர்களுக்கு நெக்ரோ என்ற சிவப்புச் சோடாவில் இதே முறையில் சிவப்பாகச் செய்து மேசையில் வையுங்கள், பெரியவர்களுடையதை வேறு அறையில் வைத்துக் கையால் எடுத்துக் கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிவப்புத்தான்.

நாள் பார்ப்பதும் முக்கியம். முல்லைத்தீவுக் கரையில் மார்கழி 26 ஆழிப்பேரலையில் போனவர்களின் நாள், அன்றைக்கு இந்தத் தட்டை வெளியே எடுக்க எனக்கு மனம் வராது. 24 ஆம் திகதி காலையில் செய்து அன்றிரவே முடிப்பதுதான் என் வழக்கம்.

மழைக்குக் கரண்ட் போனால் பிரிஜைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். மூடியபடி விட்டால் நாலு மணித்தியாலம் வரை குளிர் தாங்கும். வேறு வீட்டுக்குக் கொண்டு போவதென்றால், மீன்காரர் வைத்திருக்கும் றெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அடியில் ஐஸ், மேலே தட்டு என்று அடுக்குங்கள். விருந்திலும் ஒரே தரத்தில் எல்லாவற்றையும் பரப்பாமல் பத்துப் பத்தாக எடுங்கள். உடல் சூட்டுக்கே கரைகிற பண்டம் இது. கரைந்துவிட்டாலும் ஊற்றிவிடாதீர்கள். கட்டியில்லாமல் இளஞ்சூட்டில் ஒருமுறை கிண்டி, திரும்பவும் குளிரில் வைத்தால் மறுபடி உறையும். நுரை இருக்காது, நெல்லியும் வைனும் அப்படியே இருக்கும்.