வேலூர் வெயிலில் டர்போ பூஸ்டை அமைக்கும் முறை

மார்கழி விடியலில் கச்சிதமாக அமைத்த டர்போ பூஸ்ட், அதாவது என்ஜினுக்குள் டர்போ அழுத்தித் தள்ளும் காற்றின் அழுத்தம், சித்திரை மதியத்தில் அதே என்ஜினின் பிஸ்டனை உடைத்துவிடக்கூடும். நம் ஊர்க் கோடையில் நிழலிலேயே 40 பாகையைத் தாண்டும் காற்று, டர்போவுக்குள் 0.7 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு அழுத்தப்படும்போது, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை அடையும் முன்பே 110 பாகை அளவுக்குச் சூடாகிவிடுகிறது. இன்டர்கூலரைக் குளிர்விக்க வேண்டியதும் அதே அனல் காற்றுதான். அவ்வளவு சூடான காற்றோடு கலந்த பெட்ரோல் ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ வந்து சேரும் முன்பே தானாக வெடிப்பதையே நாக்கிங் என்கிறோம். ஆகவே பூஸ்டின் உச்ச அளவை வெயில் காலத்தில்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காற்றழுத்தத்தால் நகரும் ஆக்சுவேட்டர் வழியாக இயங்கும் வேஸ்ட்கேட்டும் (என்ஜின் புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு), கையால் திருகும் பூஸ்ட் கன்ட்ரோலரும் கொண்ட பெட்ரோல் கார்களுக்கே இம்முறை பொருந்தும். என்ஜினின் கணினியான இசியுவே பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கார்களில், அந்தக் கணினியின் அமைப்புகளை மாற்றி ரீமேப் செய்வதுதான் சரியான வழி.

கன்ட்ரோலரின் திருகைத் தொடுவதற்கு முன் ஹோஸ்களை (காற்றுக் குழாய்களை)ச் சோதியுங்கள். காற்று செல்லும் பாதையைக் குறைந்த அழுத்தத்தில் நிரப்பி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவினால் கசிவுள்ள இடத்தில் குமிழி எழும். ஆக்சுவேட்டருக்குச் செல்லும் சிறிய ஹோஸைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எனது காரில் ஆம்பூருக்கு அருகே அந்த ஹோஸ் கழன்றதால், வேஸ்ட்கேட் திறப்பதற்கான அழுத்தமே கிடைக்காமல் பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறியது. ஒரு கிளாம்ப் செய்திருக்க வேண்டிய வேலைக்கு ஒரு பிஸ்டனை விலையாகக் கொடுத்தேன்.

வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அளவு 0.5 பார் என்றால், எந்தக் கன்ட்ரோலராலும் பூஸ்டை அதற்குக் கீழே இறக்க முடியாது. டர்போவிலிருந்து ஆக்சுவேட்டருக்குச் செல்லும் அழுத்தத்தைத் தாமதப்படுத்தி, பூஸ்டை அதற்கு மேல் உயர்த்துவது மட்டுமே கன்ட்ரோலரின் வேலை. அதன் மீதுள்ள அம்புக்குறியின் திசை பார்த்துப் பொருத்துங்கள். கன்ட்ரோலரின் உடலில் ஊசித் துளை இருந்தால் அடைக்காதீர்கள், ஏனெனில் வேஸ்ட்கேட் மீண்டும் மூடுவதற்காக அழுத்தம் வெளியேறும் வழி அதுதான்.

திருகை முழுவதும் தளர்த்திய நிலையில் தொடங்குங்கள். மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலிருந்து 5,500 சுற்று வரை முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டும்போது, பூஸ்ட் மீட்டரையும் காற்று–எரிபொருள் விகிதம் காட்டும் மீட்டரையும் அருகில் அமர்ந்திருப்பவர் கவனிக்கட்டும். விகிதம் 12-ஐத் தாண்டினாலோ (எரிபொருள் போதவில்லை என்று பொருள்), தகரத்தில் கல் உரசுவது போன்ற ஒலி கேட்டாலோ உடனே காலை எடுத்துவிடுங்கள். இரண்டும் இல்லையென்றால் கால் சுற்று மட்டும் திருகி, என்ஜின் ஆறிய பிறகு மறுபடியும் ஓட்டுங்கள். எரிபொருள் அளவும், தீப்பொறி எழும் நேரமான இக்னிஷன் டைமிங்கும் மாற்றப்படாத காரில் ஸ்பிரிங்கின் அடிப்படை அளவுக்கு மேல் 0.2 பார் கூட நான் ஏற்ற மாட்டேன். சாதாரண பெட்ரோலை விட ஆக்டேன் எண் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) கூடிய பெட்ரோல் நாக்கிங்கைத் தாமதப்படுத்தும் என்றாலும், அதை நம்பி அளவை நிர்ணயித்தால் அந்தப் பெட்ரோல் கிடைக்காத நாளில் கார் ஆபத்தில் சிக்கும்.

இந்தச் சோதனையைச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் செய்ய வேண்டாம். லாரிகளும் குறுக்கே கடப்பவர்களும் உள்ள சாலை அது. காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கும் டைனோ உள்ள பட்டறையோ, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமோதான் அதற்கு உரிய இடம்.

ஏலகிரிக்கு அடிக்கடி செல்பவர்கள் சற்றுக் குறைத்தே வைக்க வேண்டும். 1,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால், பூஸ்ட் மீட்டரில் அதே அளவு தெரிந்தாலும் டர்போ கூடுதல் வேகத்தில் சுழன்றுதான் அதைத் தருகிறது.

அளவு நிலைபெற்றதும் பூட்டு நட்டை இறுக்கி, திருகின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைப் பீங்கானை உருப்பெருக்கியில் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால், காதுக்கு எட்டாத நாக்கிங் நடந்திருக்கிறது என்று பொருள். அன்றே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள்.