உறுப்பினர்களுக்குச் சொந்தமான வங்கிக்கு மாறிய என் அனுபவம்

காரணம் கூறப்படாமல் கட்டணங்கள் பிடிக்கப்பட்டதும், அவற்றைப் பற்றி விசாரித்தபோதெல்லாம் வேறொருவரிடம் முதலிலிருந்து விளக்க நேர்ந்ததும் வங்கியை மாற்றும் முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தன. கூட்டுறவுக் கடன் முறையின் முன்னோடியான ரைஃபைசன் 1864இல் ஜெர்மனியில் கிராம மக்களுக்காகத் தொடங்கியதைப் போன்ற கூட்டுறவுக் கடன் சங்கங்களை நோக்கி என் தேடல் திரும்பியது. அவற்றில், சேமிப்பு எவ்வளவாயினும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பதே பொதுவான விதி. உபரி வருவாயில் காப்புநிதிக்குப் போக எஞ்சியதும் பங்காதாயமாகவோ குறைந்த கடன் வட்டியாகவோ உறுப்பினர்களிடமே திரும்புகிறது.

ஆயினும் கூட்டுறவு என்ற பெயரை மட்டும் நம்பிப் பணத்தை ஒப்படைப்பது சரியன்று. வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டா, எந்த வரம்பு வரை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டேன்; பிறகு முழுக் கட்டணப் பட்டியலையும் ஆண்டறிக்கையையும் கேட்டு வாங்கி, வாராக்கடன் விவரத்தைக் கவனமாகப் படித்தேன். சேவையின் தரத்தை அறிய, கணக்குத் தொடங்கும் முன்பே தொலைபேசியில் அழைத்து, என் அனுமதியின்றிப் பணம் எடுக்கப்பட்டால் யார் பொறுப்பேற்பார்கள், எத்தனை நாளில் பதில் வரும் என்று கேட்டேன். தெளிவாகப் பதிலளித்ததோடு அதை எழுத்திலும் அனுப்பிய சங்கத்தையே தேர்ந்தெடுத்தேன்; என்னைப் பொறுத்தவரை, வட்டி விகிதத்தில் உள்ள சிறு வேறுபாட்டைவிட இது முக்கியமானது.

சம்பள வரவையும் கணக்கிலிருந்து தானாகச் செலுத்தப்படும் கட்டணங்களையும் புதிய கணக்குக்கு மாற்றி, அவை பிழையின்றி நடப்பதைப் பார்த்த பின்னரே பழைய கணக்கை மூடி, அதற்கான எழுத்துச் சான்றையும் பெற்றுக்கொண்டேன்.